துப்பறியும் தொடரில் களவுபோன பணத்தின் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் கடந்த பதினான்கு வாரங்களாக வெளிவரும் துப்பறியும் தொடர்கதையை ஒரு வாரமும் தவறாமல் வாசித்து வருகிறேன். இரணைமடுக் குளத்தின் வாய்க்காலொன்றில் நிதி நிறுவனக் கிளை முகாமையாளர் ஒருவரின் சடலம் காணப்படுவதோடு தொடங்கிய கதை, பரந்தன், முறிகண்டி, மாங்குளம் என்று நாங்கள் அன்றாடம் போய்வரும் இடங்களிலேயே நகர்வதால், எங்கள் ஊர் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் காத்திருப்போரின் தொகை கூடியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதித்து இளைப்பாறியவன் நான். கொலையை எழுதுவதில் கதாசிரியர் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட அந்தக் கொலைக்குக் காரணமான பண மோசடியை எழுதுவதில் காட்டவில்லை என்பதே என் மனக்குறை. தொடர் முடிவதற்கு இன்னும் சில வாரங்கள் இருப்பதால் அதை இப்பொழுதே தெரிவிக்க வேண்டும் என்று எண்ணி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் பாராட்டைச் சொல்லவேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவது, நீதவான் சம்பவ இடத்தைப் பார்வையிடுவது, சடலம் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேதபரிசோதனைக்கு அனுப்பப்படுவது என்று நடைமுறை பிசகாமல் எழுதியிருக்கிறார். நீரில் கிடந்த உடல் காற்றில் கிடந்த உடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும், ஆகவே வெப்பத்தை மட்டும் வைத்து இறந்த நேரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதை அவர் விளக்கிய அத்தியாயம் மிக நன்றாக அமைந்திருந்தது. 1951 இல் கொழும்பில் மனைவியைக் கொலை செய்ததாகக் கிரிக்கெட் வீரர் சதாசிவம் மேல் தொடரப்பட்ட வழக்கில் பேராசிரியர் டி சேரமும் வெளிநாட்டிலிருந்து வந்த சிட்னி ஸ்மித்தும் மரண நேரத்தைப் பற்றி எதிரெதிரான கருத்துகளைச் சொன்னதையும், ஈற்றில் 1953 இல் எதிரியான (குற்றஞ்சாட்டப்பட்ட) சதாசிவம் விடுதலையானதையும் எங்கள் தலைமுறையினர் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள். அவ்வகையான நுட்பத்தை எங்கள் மண்ணில் நடக்கும் கதையொன்றில் காண்பது மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் அதே கதாசிரியர் ஐந்தாம் வாரத்தில், நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்த 3 கோடி ரூபாய் ஒரே இரவில் மாயமாகிவிட்டது என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு பெட்டகத்தின் திறப்பு யாரிடம் இருந்தது என்ற கேள்வியிலேயே கதையை நடத்திக்கொண்டு போகிறார். பெட்டகத்தில் 3 கோடி இருந்திருக்கவே முடியாது என்று அவருடைய எண்களே சொல்கின்றன. அந்தக் கிளை மாதம் 5 வீத வட்டிக்கு வைப்புப் பெற்றது என்றும், திறந்து 26 மாதங்கள் ஆனது என்றும், மொத்த வைப்பு 3 கோடி என்றும் இரண்டாம் வாரத்தில் அவரே எழுதியிருந்தார். வைப்புகள் முதல் நாளிலேயே முழுதாக வந்துசேரவில்லை, மாதாமாதம் ஒரே அளவில் கூடிவந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சராசரியாகக் கையிலிருந்த வைப்பு ஒன்றரைக் கோடி. அதற்கு மாதம் ஏழரை இலட்சம் வட்டி. 26 மாதங்களுக்கு 1 கோடியே 95 இலட்சம். இதற்கு மேல் கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், ஆள் பிடித்துக் கொடுத்த முகவர்களின் தரகு, வாசலில் நிற்பதாக எழுதப்பட்ட வாகனத்தின் மாதத் தவணை ஆகியன இருக்கின்றன. நேற்று வந்தவரின் முதலை எடுத்து முந்தாநாள் வந்தவருக்கு வட்டியாகக் கொடுக்கும் தொழிலில், வெளியே எவ்வளவு கூட்டம் நின்றாலும் உள்ளே பெட்டகம் வற்றிக்கொண்டேதான் இருக்கும்.

வெறுமையான பெட்டகத்துக்காக யாரும் கொலை செய்யப்போவதில்லை. பெட்டகம் வெறுமையாகிவிட்டது என்பதைச் சொல்லக்கூடிய ஒருவரை, அவர் அதைச் சொல்லிவிடுவதற்கு முன்பு கொல்லத் தேவைப்படுகிறவர் இருப்பார். பணத்தை எடுத்தவர் யார் என்று தேடுவதற்குப் பதிலாக, கணக்கேடு திறக்கப்படும் நாளைக் கண்டு அஞ்சியவர் யார் என்று தேடியிருந்தால் இன்ஸ்பெக்டர் ஏழாம் வாரத்திலேயே சரியான வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார் என்பது என் எண்ணம். மூன்றாம் வாரத்தில் ஒரே வரியில் கதாசிரியர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார்; கோயில் திருப்பணிச் சபையொன்று வைப்பிலிட்டிருந்த 40 இலட்சம் அந்த மாதக் கடைசியில் முதிர்வடைகிறது என்பதே அது. முகாமையாளர் இறந்தது 27 ஆம் திகதி. இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க இதுவரை கதையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கதாசிரியர் இதை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறார் என்றால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஐந்தாம் வாரத்திலிருந்து திறப்பைப் பற்றியே பேசப்படுவதைப் பார்க்கும்போது அவர் அதை மறந்துவிட்டாரோ என்று அஞ்சுகிறேன்.

களவைக் கணக்கேட்டின் வழியாக எழுதினால் கதை சப்பென்று போய்விடும் என்று அவர் நினைக்கக்கூடும். அப்படியல்ல என்பதற்கு என் உத்தியோக காலத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவு மாவட்டத்துச் சங்கமொன்றின் கிளைக்குக் கணக்காய்வுக்குப் போயிருந்தேன். காலபோக நெல் விற்ற கையோடு அங்கத்தவர்கள் பயிர்க்கடனைத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் (சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் எஞ்சும் பகுதி), காசேடு, கடன் பேரேடு மூன்றும் சதம் பிசகாமல் ஒத்துப்போயின. வங்கி இணக்கக் கூற்றிலும் குறையில்லை. இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடத் தயாரானபோது, தேநீர் கொண்டுவந்த சிற்றூழியர் மேசையில் விரித்திருந்த அடிக்கட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்தத் திகதியிலை சங்கம் பூட்டு. அண்டைக்கு வற்றாப்பளைப் பொங்கல். நானும் போனனான், மனேச்சரும் அங்கைதான் நிண்டவர்” என்றார். வைகாசி மாதத்துத் திங்கட்கிழமையொன்றில் வரும் கண்ணகி அம்மன் பொங்கலன்று, அந்தப் பகுதியில் ஒரு கடைப்பலகைகூடத் திறக்கப்படாத நாளில், ஏழு பேர் வந்து கடன் கட்டியதாக ஏழு பற்றுச்சீட்டுகள் எழுதப்பட்டிருந்தன.

மிகுதி தானாக வெளியே வந்தது. அங்கத்தவர்கள் கட்டிய பணத்தைப் பொறுப்பாக இருந்தவர் மாதக்கணக்கில் தன் தேவைக்கு எடுத்துவிட்டு, பின்னால் வந்தவர்களின் பணத்தைக்கொண்டு முன்னால் வந்தவர்களின் கணக்கை அடைத்து வந்திருக்கிறார். கணக்காய்வு அறிவித்தல் கிடைத்ததும் வட்டிக்குக் கடன்பட்டு வங்கியில் கட்டிவிட்டு, அடிக்கட்டைகளை ஒரே இரவில் இருந்து எழுதியிருக்கிறார். மூன்று மாதத்து அடிக்கட்டைகள் ஒரே மையில் இருந்ததை, சிற்றூழியர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். அங்கத்தவர்களின் கையிலிருந்த மூலச் சீட்டுகளை வீடு வீடாகப் போய் வாங்கிப் பார்த்தபோது திகதிகள் வேறாக இருந்தன. கதிர்காமம் போன ஒருவர் தன் சீட்டைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு மடித்து வைத்திருந்தார். அந்தச் சீட்டே முடிவான சான்றாயிற்று.

கொழும்பிலிருந்து வரும் எந்தத் துப்பறிவாளருக்கும் கிடைக்காத துப்பு அது. எண்கள் ஒத்துப்போகும்படி எழுதக்கூடியவன், ஊரின் நாட்காட்டியோடு ஒத்துப்போகும்படி எழுத மறந்துவிடுகிறான். வன்னியில் கதையை நடத்துகிற ஒருவர், இரணைமடுவையும் பாலை மரங்களையும் வருணிப்பதோடு நின்றுவிடாமல், இங்குள்ளவர்களுக்கு மட்டுமே தெரிந்த இவ்வகையான விடயங்களைக் கதையின் முடிச்சாகப் போட்டால், அது இந்த மண்ணின் துப்பறியும் கதையாகும். சிறுபோகத்துக்கு நீர் திறக்கப்படாத ஆண்டொன்றில் நெல் விற்ற பணம் வைப்பாக வந்ததென்று பதிவு இருந்தால் அது ஒரு துப்பு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கிளையில் நாங்கள் முதலில் சந்தேகித்தது காசாளராக இருந்த இளம் பெண்ணையே. பணத்தைக் கையில் வாங்கியவர் அவர் என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. இரண்டு நாள் அவர் எங்கள் முன்னால் அழுதுகொண்டு நின்றது இன்றும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் தொடரிலும் வாராந்தத் தவணை அறவிடும் களஉத்தியோகத்தரான பெண்பிள்ளையின் மேல் சந்தேகம் விழுந்து, ஆறு வாரங்களாக அவர் அவமானப்படுத்தப்படுகிறார். அவர் குற்றமற்றவர் என்பதை வாசகர் ஊகித்துவிட்டார்கள். ஆனால் அவரைக் குற்றமற்றவராகக் காட்டப்போவது எது என்பது முக்கியம். கதாநாயகனின் மனஇரக்கத்தால் அவர் விடுபடுவதைவிட, அவரிடமிருக்கும் அறவீட்டுப் புத்தகத்தையும் கடன் பெற்ற பெண்களின் கையிலுள்ள அட்டைகளையும் அலுவலகப் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முதலிரண்டும் ஒத்துப்போக மூன்றாவது மட்டும் மாறியிருப்பதைக் கண்டு அவர் விடுபட்டால், அந்தப் பிள்ளை தன் நேர்மையினாலேயே விடுபட்டவராவார்.

இந்த விடயத்தில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் கதை மட்டும் காரணமல்ல. 2008 டிசம்பரில் கொழும்பில் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்து ஆயிரக்கணக்கான வைப்பாளர்கள் தெருவில் நின்றபோது, நாங்கள் போரில் இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் நடுவே தறப்பாளின் கீழ் இருந்தோம். அந்தச் செய்தி எங்களுக்கு எட்டவில்லை; எட்டியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. தெற்கில் உள்ளவர்கள் பத்திரிகையில் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் எங்கள் சனத்துக்குக் கிடைக்காமல் போயிற்று. மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் ஏ9 வீதியின் இரு மருங்கிலும் வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் பெயர்ப்பலகை ஏற்றியபோது, எது அனுமதி பெற்றது, எது பெறாதது என்று பிரித்தறியும் பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தையும், இழப்பீடாகக் கிடைத்ததையும், உழவு இயந்திரம் விற்ற காசையும் நம்பிக்கையின் பேரில் கொடுத்தவர்களை நான் அறிவேன். என் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், கணவரை இழந்தவர், தாலிக்கொடியை விற்ற பணத்தை அப்படி ஓரிடத்தில் கட்டி இழந்தார். அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: “பதிவு இலக்கம் போட்டிருந்ததே தம்பி, பதிவில்லாமலோ வைச்சிருப்பினம்?”

அவர் பார்த்தது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான பதிவு. ஒரு கம்பனியாகப் பதிவு செய்வது வேறு, பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெறுவது வேறு. அனுமதி பெற்ற இடத்தில் வைத்த பணம் போனால் வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. அனுமதி பெறாத இடத்தில் வைத்ததற்கு அந்த வழி இல்லை. உங்கள் தொடரில் வரும் நிறுவனத்தின் சுவரிலும் ‘பதிவு செய்யப்பட்டது’ என்ற பலகை தொங்குகிறது. இன்ஸ்பெக்டர் பதினான்கு வாரங்களில் நான்கு தடவை அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறார். ஒரு தடவை நின்று அதை வாசித்து, எந்தச் சட்டத்தின் கீழான பதிவு என்று கேட்டால் போதும். கதையும் முன்னே நகரும், என் சொந்தக்காரப் பெண்மணியைப் போன்ற பல நூறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்வார்கள்.

பெரிய மோசடிகளிலும் துப்பு இப்படி வெளிச்சத்திலேயே கிடக்கிறது. 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி அரசுக்குக் கடன் திரட்ட மத்திய வங்கி நடத்திய முப்பதாண்டு முறி ஏலத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட தொகை 100 கோடி. ஏற்றுக்கொள்ளப்பட்டது 1,000 கோடி. நாட்டை உலுக்கிய விவகாரத்தின் முதல் துப்பு இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசமே. அதைக் காண்பதற்குப் பூட்டை உடைக்கவோ சுவர் ஏறவோ தேவைப்படவில்லை.

பத்தாம் வாரத்தில் சந்தேக நபரொருவர் 25 இலட்சத்தைக் காசாகக் கொண்டுபோய் வங்கியில் போடுகிறார், ஒருவரும் கவனிக்கவில்லை என்று வருகிறது. 2006 ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி 10 இலட்சத்துக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல்வாங்கலை வங்கி நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். இதை அறிந்த குற்றவாளி அதை மூன்றாகப் பிரித்து, மூன்று நாட்களில், மூன்று ஊர்க் கிளைகளில் போடுவான். அப்படிப் பிரித்ததே பின்னர் அவனைக் காட்டிக்கொடுக்கும். கதாசிரியருக்கு இது ஒரு முழு அத்தியாயத்துக்கான பொருள்.

என்னை மிகவும் வருத்திய இடம் பன்னிரண்டாம் வாரம். இன்ஸ்பெக்டர் ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, விடியும்போது குற்றஒப்புதல் வாக்குமூலத்தோடு வெளியே வருகிறார். அதைக் கதாநாயகனின் திறமையாகக் கதை கொண்டாடுகிறது. சாதாரண குற்ற வழக்கொன்றில் பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்றஒப்புதல் எதிரிக்கு எதிராகச் சான்றாகாது என்று 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 25 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கதையின் பொருத்தப்பாட்டுக்காகக்கூட அந்தக் காட்சி நிற்காது. அதற்கு மேலாக, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கும் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், தங்கள் பிள்ளைகளின் கையெழுத்தோடு வந்த தாள்களால் ஆண்டுக்கணக்கில் சிறைவாசல்களில் நின்ற பெற்றோர் உங்கள் வாசகர்களில் இருக்கிறார்கள். வன்னியில் பிரசுரமாகும் கதையொன்றில் சாத்திய கதவுக்குப் பின்னால் பெற்ற வாக்குமூலத்தை வெற்றியாகக் காட்டுவது அவர்கள் நெஞ்சை எப்படித் தாக்கும் என்பதைக் கதாசிரியர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதே கட்டளைச்சட்டத்தின் 27 ஆம் பிரிவு அவருக்கு நல்ல வழியொன்றைத் தருகிறது. பொலிஸ் காவலிலிருக்கும் எதிரி சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புபட்ட பகுதியை மாத்திரம் நிரூபிக்கலாம். கண்டெடுக்கப்படும் பொருள் கத்தியாக இருக்கவேண்டும் என்பதில்லை. அலுவலகத்தில் காட்டப்பட்ட பேரேட்டுக்கு வேறாக, உண்மையான வரவுசெலவை எழுதி வைத்திருந்த இரண்டாவது பேரேடாக அது இருக்கட்டும். இப்படியான மோசடி செய்கிறவர்கள் இரண்டாவது பேரேட்டை எரித்துவிடுவது அரிது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்வேன். யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை அவர்களுக்கே அது இல்லாமல் நினைவில் வைத்திருக்க முடியாது.

இன்னும் எஞ்சியிருக்கும் வாரங்களில் கொலையாளி யார் என்பது வெளிப்படும். அத்தோடு, திருப்பணிச் சபையின் 40 இலட்சம் எந்த மாதத்தில், எந்தப் பதிவின் வழியாக, யாருடைய வட்டியாகப் போனது என்பதும் வெளிப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வாரத்தில் வாசலில் நின்று அழுத, பெயர்கூடத் தரப்படாத வைப்பாளர்களில் ஒருவருக்காவது ஒரு பெயரும் ஒரு அத்தியாயமும் கொடுக்கப்பட வேண்டும். கதாசிரியர் விரும்பினால் காசேடும் பேரேடும் எழுதும் முறையையும், அவை திருத்தப்படும் முறைகளையும் காட்டித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். இடப்பெயர்வில் என் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. ஆனால் வெற்று ஏடுகள் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். என் முகவரியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியுள்ளேன். அவர் எந்த நாளிலும் வரலாம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய கூட்டுறவுக் கணக்காய்வாளர்,
முள்ளியவளை.